நேரலையில் நான் இல்லாத மூன்று நாள்

ஜூன் 9, திங்கள்

தூறல். நாலரைக்கு எழுந்து தலைக்கு ஊற்றியது தப்பு, ஷோ முழுக்கத் தும்மல். மைக்கை அணைத்துத் தும்மி, போட்டுச் சிரித்து, மறுபடி அணைத்து. பதினெட்டு வருடப் பழக்கம். கேட்டவர் யாருக்கும் தெரிந்திருக்காது.

நோட்டு தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. ஸ்டேஷனில் மேஜைமேல் திறந்துபோட்டுவிட்டுப் போனாலும் ஒருத்தருக்கும் ஓர் எழுத்து புரியாது. காலை ஏழு முதல் பத்து வரை கன்னடத்தில் ஆர்.ஜே. தாரா. மீதி நேரம் லிங்கராஜபுரம் மேரி ஸ்டெல்லா, வயது நாற்பத்து நாலு.

பத்தரைக்கு சேத்தன் என்று ஒரு டைரக்டர் பார்க்க வந்தான். தாடி, இருபத்தெட்டு வயசிருக்கும். கராத்தே படம் எடுக்கிறானாம். பிள்ளைகளைப் பந்தயச் சண்டைக்கு விடும் கராத்தே பள்ளி முதலாளி ஒருத்தி, அவள்தான் வில்லி, அதற்கு ஆள் தேடுகிறான். குரலைக் கேட்டு வந்தவன் முகத்தைப் பார்த்ததும் பின்வாங்குவான் என்று நினைத்தேன். வாங்கவில்லை. மூன்று நாள் வேலை. ஐந்து வசனம். கடைசியில் கதாநாயகியிடம் ஓர் உதை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, வாயெல்லாம் பல்.

ஏன் இந்த ஆசை என்று இப்போதே எழுதி வைக்கிறேன், பின்னால் கதை கட்டாமல் இருக்க. 30-ஆம் தேதி காண்ட்ராக்ட் முடிகிறது. தலை (புரோகிராம் ஹெட், இந்த நோட்டில் அவருக்கு இதுதான் பெயர்) போன வாரம் சொன்னார், "ரேடியோ இனிமே காதுக்கு மட்டும் இல்ல தாரா. முகம் தெரியணும்." சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாக ரியாவைப் பார்த்தார். ரியா மதியம் ஷோ செய்கிறவள். இருபத்தாறு. பேசும்போதே எதிரில் ஃபோன் நிற்கும், வீடியோ ஓடும். நல்ல பொண்ணு, அதுதான் எரிச்சல்.

கம்மனஹள்ளி துணிக்கடையில் அன்றைக்கு ஒருத்தி, "உங்க வாய்ஸ் ஆர்.ஜே. தாரா மாதிரியே இருக்கு மேடம்" என்றாள். நான்தான் என்றேன். "நெறைய பேர் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று ரவிக்கைத் துணியை மடித்தாள். பதினெட்டு வருடம்!

ஜூன் 10, செவ்வாய்

மேகமூட்டம். கேஸ் புக் செய்யணும். மகள் ஷெரினுக்கு காலேஜ் ஐ.டி. கார்டுக்கு ஃபோட்டோ.

ஷூட்டிங் வியாழன், வெள்ளி, அடுத்த திங்கள். காலை ஆறு மணிக்கு ஹொஸ்கோட்டே தாண்டி ஒரு காலி குடோனில் இருக்க வேண்டும். மூன்று நாள் லீவு என்று தலையிடம் போய் நின்றேன், காரணம் சொல்லாமல். ஏன் எதற்கு என்று முகம் சுளிப்பார், நான் கெஞ்சலாம் என்று எல்லாம் தயார்.

"தாராளமா எடுத்துக்கோங்க. ரியா பாத்துப்பா."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை மனுஷன். அந்த நாற்காலியில் அவள் மூன்று நாள் உட்கார்ந்தால் நாலாம் நாள் எழுந்திருப்பாளா? எழுப்புவார்களா?

"வேணாம் சார், தேவையில்ல, நான் மேனேஜ் பண்ணிக்கிறேன்" என்று சொல்லி வெளியே வந்தேன்.

மேனேஜ். எப்படி?

கேன்டீனில் பவ்யா. காலை ஷோவுக்கு என் ப்ரொட்யூசர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டு போடுகிறவள், ஃபோன் எடுக்கிறவள். ஆறு வருடமாக என்னோடு. அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும், என் சாப்பாட்டு டப்பா மட்டும் முழுக்கக் காலியாகும். அவளிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு இட்லியைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: முன்னாடியே ரெக்கார்ட் பண்ணிடலாம் அக்கா. நீங்க பேசறதை மட்டும். பாட்டுக்கு நடுவுல நான் சொருகறேன். காலையில ஆபீஸ்ல நானும் வாட்ச்மேனும்தான். தலை வர்றது பத்தரைக்கு.

எங்கள் ஷோவின் பெருமையே நேரலை என்பது. மணிக்கு ஒருமுறை அதைச் சொல்லிக் காட்டுவோம். மாட்டினால் எனக்குச் சீட்டு கிழியும், அவளுக்கும் கிழியும்.

"உனக்கு ஏன்டீ இந்த வேலை?"

"சினிமால உங்க பேர் வந்தா எனக்கும் கெத்துதானே அக்கா."

சேத்தனுக்கு சரி என்று மெசேஜ் போட்டேன். உட்கார முடியவில்லை. வீடு முழுக்கப் பெருக்கினேன், இரண்டு தடவை.

ஜூன் 11, புதன்

வெயில். மதியம் இரண்டு முதல் ஆறு வரை சின்ன ஸ்டுடியோவில், வியாழன் வெள்ளி இரண்டு நாளுக்கும் ரெக்கார்டிங். தலை மீட்டிங்கில்.

சொல்லக் கூடாதவை, பவ்யா பேப்பரில் எழுதி கண்ணாடியில் ஒட்டினாள்:
— மணி
— மழை, வெயில், குளிர்
— ட்ராஃபிக்
— நேற்று ராத்திரி நடந்த எதுவும்
— "இப்போ லைன்ல யாரு"

இதையெல்லாம் எடுத்துவிட்டால் என்னிடம் பேச என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் வாய் தானாக "ஏழு இருபது, வெளியில ஜில்லுன்னு" என்று ஆரம்பித்துவிடுகிறது. பவ்யா கையைத் தட்டித் தட்டி நிறுத்தினாள். பதினோரு தடவை. கடைசியில் சமையல், பிள்ளைகள் பரீட்சை, மாமியார், பல்வலி என்று ஒப்பேற்றினேன்.

முருகேசனை நினைத்துத்தான் கொஞ்சம் சங்கடம். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். எட்டு வருடமாக ஏழரைக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு ஃபோன் அடித்து, எந்த ரோடு அடைப்பு, எது காலி என்று சொல்வார். அவர் சொல்வதை நான் ஊருக்குச் சொல்வேன். ட்ராஃபிக் நிலவரம் என்று நாங்கள் பீற்றிக்கொள்வதில் பாதி இந்த மாதிரி நாலைந்து டிரைவர்கள்தான். நேரில் பார்த்ததில்லை. "அக்கா, உங்க முருகேசன்" என்றுதான் ஆரம்பிப்பார். இரண்டு நாள் அவர் அடித்தால் அக்கா பிஸி என்று பவ்யா சொல்லிவிடுவாள்.

ஷெரினிடம் வில்லி வேஷம் என்று சொன்னேன்.

"நடிக்கவே வேணாம்மா. காலையில என்னை எழுப்புறப்போ இருக்கிற மூஞ்சிய அப்படியே காட்டு."

ஜூன் 12, வியாழன்

குடோன். உள்ளே பழைய நெல் நாற்றம். தரையெல்லாம் நீல ரப்பர் மெத்தை. கதாநாயகி நிதி, நிஜ பிளாக் பெல்ட், இருபத்து மூன்று, கை குலுக்கினாள், என் விரல் நொறுங்கியது. எனக்குக் கறுப்புக் கோட்டு, கொண்டை, பொட்டில்லாத நெற்றி. கண்ணாடியில் பார்த்தேன். யாரோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்.

ஏழு மணி. டீக்காரர் ஸ்டவ் பக்கத்தில் ரேடியோ. "நமஸ்கார பெங்களூரு!" நான்தான். கையில் டீ கிளாசோடு நான் நிற்கிறேன், அங்கே நான் பேசிக்கொண்டிருக்கிறேன். லைட் போடும் ஆள் ஒருத்தர் ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏங்க மேடம், அது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப இது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஐந்து வசனமும் ஒரே டேக்கில் ஓகே. சேத்தனுக்கு ஒரே சந்தோஷம். சிக்கல் சண்டையில்தான் ஆரம்பித்தது. ஸ்டண்ட் மாஸ்டர் பெயர் மணி, சென்னைக்காரர், கறுப்பு பனியன், ஐம்பது வயசுக்கு வயிறே இல்லை. உதை நாலு விரல் தள்ளித்தான் போகும். பட்ட மாதிரி நான் தலையை வலது பக்கம் எறிந்து பின்னால் விழ வேண்டும். நிதி சும்மா காலைத் தூக்கினாள். நான் "அய்யோ!" என்றேன். மறுபடி. "அம்மா!"

"இன்னா மேடம் நீங்க, அடி வர்றதுக்கு முன்னாடியே கத்துறீங்க? சவுண்டெல்லாம் அப்பால டப்பிங்ல போட்டுக்குவோம். எனக்கு மூஞ்சி குடுங்க."

"குடுத்தேனே மாஸ்டர்."

"எங்க குடுத்தீங்க? வாய்தான் அழுவுது. மூஞ்சி பேங்க் க்யூவுல நிக்கிற மாதிரி நிக்குது."

மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். நிஜம்தான். கோபம், பயம், வலி எல்லாம் தொண்டையில் நடக்கிறது, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. இத்தனை வருடம் இருட்டு ரூமில் மைக்குக்குச் சிரித்துச் சிரித்து மூஞ்சி மறந்து போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. தலை சொன்னது சரிதானோ என்றும் ஒரு நினைப்பு, அதுதான் ரொம்பக் குத்தியது.

பவ்யா மெசேஜ்: "ஆல் ஓகே அக்கா. முருகேசண்ணா ஃபோன். அக்கா பிஸி சொல்லிட்டேன்."

ஜூன் 13, வெள்ளி

விட்டு விட்டுத் தூறல். முட்டி நீலம். இடுப்பு தனியாகக் கழன்று நடக்கிறது.

இன்றைக்கும் குடோன். விழுவது மட்டும் இருபத்து மூன்று தடவை. விழ வந்துவிட்டது. முகம் வரவில்லை. உதை ஷாட்டைத் திங்கள்கிழமைக்குத் தள்ளிவிட்டார் மாஸ்டர்.

"ரெண்டு நாள் வாயே தொறக்காதீங்க மேடம். வூட்ல எதுவா இருந்தாலும் மூஞ்சியிலயே பேசுங்க. தானா வரும்."

வீட்டுக்கு வந்து முயற்சி செய்தேன். குழம்பு இன்னும் வேண்டுமா என்று இவரிடம் புருவத்தால் கேட்டேன்.

"என்னடி, மறுபடி பல்வலியா?"

பதினெட்டு நிமிடம்தான் தாங்கினேன். பேசாமல் இருந்தால் மார்பில் ஏதோ ஊறிக்கொண்டே போகிறது. எங்கள் தொழிலில் மூன்று விநாடி சத்தமில்லாமல் போனாலே குற்றம். கேட்கிறவன் வேறு ஸ்டேஷன் போய்விடுவான். உடம்பு அப்படியே பழகிவிட்டது.

ஷோ போனதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருத்தருக்கும். இரண்டு நாள் நான் இல்லை, ஒரு ஈ காக்காய் கேட்கவில்லை. மாட்டவில்லை என்று நிம்மதிப்படுவதா, ஓவென்று அழுவதா?

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடித்து நேரே ஸ்டேஷன். திங்கள் ஷோவுக்கு ரெக்கார்டிங். கோயிலில் உட்கார்ந்ததிலேயே இடுப்பு வலி. பவ்யாவுக்கு வீட்டில் விருந்தாளி, மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்டேஷனில் ஏ.சி. ரிப்பேர், வியர்வை.

சீக்கிரம் சீக்கிரம் என்று முடித்தோம். நடுவில் ஒன்று, வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது: ஹெண்ணூர் ரோடு இன்றைக்கு ஃப்ரீ, ரயில் பாலம் வழியாக "ஆராமாகி ஹோகி", நிம்மதியாகப் போய்ட்டு வாங்க என்று. தினமும் சொல்வது. தொட்டிலை ஆட்டுகிற கை மாதிரி அது பாட்டுக்கு வந்துவிடும். பவ்யா, வெட்டிடறேன் அக்கா என்றாள். பேப்பரில் குறித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டேன்.

திங்களோடு முடிகிறது. அப்புறம் தலையிடம் நானே சொல்வேன்: சார், முகம் கேட்டீங்களே, இந்தாங்க.

ஜூன் 16, திங்கள்

மழை. மழை என்றால் அப்படி ஒரு மழை. ஐந்து மணிக்கு வண்டி ஏறும்போதே தெருவில் முழங்கால் தண்ணீர். குடோன் தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. படம் பிடிப்பதற்குச் சத்தம் தேவையில்லையே, அதனால் ஷாட் நடக்கும்போதும் டீக்காரர் ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

ஏழே முக்கால் இருக்கும். உதை ஷாட். நிதி திரும்பி நின்றாள். மாஸ்டர் கை தூக்கினார். அந்த நேரம், அத்தனை மழைக்கு நடுவில், என் குரல். வேறு எது கேட்காவிட்டாலும் சொந்தக் குரல் கேட்டுவிடுகிறது. ஹெண்ணூர் ரோடு. ரயில் பாலம். ஆராமாகி ஹோகி.

வெட்டவில்லை!

என் தலை ரேடியோ பக்கம் திரும்பியது. இடது பக்கம். வலது பக்கம் போயிருக்க வேண்டிய தலை. நிதியின் குதிகால் கன்னத்து எலும்பில் இறங்கியது. கத்தவில்லை. சத்தமே வரவில்லை. அப்படியே சரிந்து மெத்தையில் உட்கார்ந்தேன்.

ஐஸ், தண்ணீர், நிதி அழுகிறாள், "ஆன்ட்டி ஸாரி, ஆன்ட்டி ஸாரி." சேத்தன் மானிட்டரை விட்டு ஓடி வந்தவன் கண்ணெல்லாம் மின்னுகிறது.

"முகம் வந்துடுச்சு மேடம்! இதுக்கு மேல ஒண்ணும் வேணாம், இதையே வெச்சுக்கறேன்."

எனக்கு அது எதுவும் ஏறவில்லை. பவ்யாவுக்கு அடித்தேன். எடுத்ததும் அழுகை. விருந்தாளி அவசரத்தில் மறந்து போச்சு அக்கா. லைன் மேல் லைன் வருகிறதாம். ரயில் பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீராம். ஒரு ஸ்கூல் வேன் மாட்டிக்கொண்டதாம்.

எந்த வேன் என்று கேட்டேன்.

"முருகேசண்ணா வேன் அக்கா."

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது பேர். பக்கத்து ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஜன்னல் வழியாக ஒவ்வொருத்தராகத் தூக்கி வெளியே எடுத்தார்களாம். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு வரும்வரை ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

வெயில், வெட்கமே இல்லாமல். இடது கண் பாதி மூடியிருக்கிறது. ஷோ நேரலை, நானே. குரலில் ஒன்றும் தெரியாது. ஏழரை ஆயிற்று, முருகேசன் அடிக்கவில்லை. ரோடு பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மூன்று மணி நேரம் ஓட்டினேன்.

ஒன்பதேகாலுக்கு அடித்தார். பவ்யா கண்ணாடி வழியாகக் கை காட்டினாள். பாட்டு ஓடும்போது எடுத்தேன்.

"அக்கா, முருகேசன்." உங்க முருகேசன் என்று சொல்லவில்லை. "மழையில அந்தப் பக்கம் போகவே கூடாதுன்னு எனக்கே தெரியும். நீங்க சொன்னீங்களேன்னுதான் போனேன். இப்ப ஸ்கூல்ல வேலைக்கு வராதன்னுட்டாங்க. ரேடியோல சொன்னாங்கன்னு சொன்னேன். அவங்க உங்க ஆபீசுக்கு ஃபோன் போட்டுக் கேட்டாங்களாம். அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லன்னு சொல்லிட்டாங்களாம். என்னைப் பொய்யன்னு சொல்றாங்க அக்கா. நீங்க சொன்னீங்கதானே? எனக்குத்தான் காது கேக்கலையா?"

பாட்டு முடிய இருபது விநாடி.

"நாளைக்குச் சொல்றேன் முருகேசன், உங்க நம்பரைக் குடுங்க" என்றேன். என் நம்பரையும் கொடுத்தேன். நாளைக்கு என்ன சொல்வேன்?

பவ்யாதான். நேற்று மதியம் தலை வந்து கேட்டாராம், ஹெண்ணூர் பற்றி ஏதாவது சொன்னோமா என்று. எழுதி வைக்கும் தாளில் ட்ராஃபிக் என்ற கட்டம் காலி. "இல்லா சார்" என்றுவிட்டாள். பயத்தில். அதையே அவர் ஸ்கூலுக்குச் சொல்லிவிட்டார்.

"ஹேளபேடி அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டாமாம். "பதிமூணு நாள்தான் இருக்கு. உங்க காண்ட்ராக்ட் ஆகட்டும். அவருக்கு வேற ஸ்கூல் கெடைக்கும்."

கோபம் வந்தது. கோபம் வர எனக்கு என்ன யோக்கியதை? அவளாவது மறந்தாள். நான் தெரிந்தே பொய் நேரலை செய்தவள்.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து சொன்னார், "உன் வேலை போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ஆள் வேலை போகட்டும்னு நீ உன் வாயால சொல்லு, பாப்போம்."

பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஜூன் 18, புதன்

மந்தாரம். ஷோ முடிந்ததும் ஆட்டோ பிடித்து ஸ்கூல். முருகேசனைக் கேட்டில் நிற்கச் சொல்லியிருந்தேன்.

குள்ளம். கண்ணாடி. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஏதோ பெரிய மீசைக்காரர் என்று எட்டு வருடமாக நினைத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முருகேசன்" என்றதும் தூக்கிவாரிப் போட்டது. என் கண்ணைப் பார்த்தார், கன்னத்து வீக்கத்தைப் பார்த்தார்.

"யாரு அக்கா அடிச்சது?"

"ஒரு சின்னப் பொண்ணு. உள்ள போலாம் வாங்க."

பிரின்சிபால் அம்மா ஐம்பது வயது, மடிப்புக் கலையாத சேலை. நான் ஆர்.ஜே. தாரா என்றேன். ஆதார் காட்டச் சொன்னார். மேரி ஸ்டெல்லா என்று இருந்தது. என் மூஞ்சியையும் பார்த்தார். டிரைவர் எங்கிருந்தோ கூட்டி வந்த பொம்பளை என்று முடிவு செய்துவிட்டார், அப்பட்டமாகத் தெரிந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட பெல்லில் கை வைத்தார்.

வேறு வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். "நமஸ்கார பெங்களூரு" என்று ஆரம்பித்து, முழு ஷோ ஆரம்பத்தையும் அந்த மேஜை முன்னால் நின்று சொன்னேன்.

பெல்லிலிருந்து கை எடுத்துவிட்டார். "தினமும் கார்ல கேப்பேன்" என்றார்.

சொன்னேன். திங்கள் ஷோ ரெக்கார்டிங் என்று. அந்த வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னேன் என்று. நான் சினிமாவில் அடி வாங்கப் போயிருந்தேன் என்று. எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இரண்டு பெயரையும். நாளையிலிருந்து வேன் எடுக்கலாம் என்று முருகேசனிடம் சொன்னார். கடிதத்தின் நகல் ஸ்டேஷனுக்குப் போகும் என்று என்னிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் முருகேசன் நன்றி சொல்வார் என்று மனசு ஓரமாக எதிர்பார்த்தது. மனசுக்கு வெட்கம் கிடையாது.

"திங்கக்கெழம மட்டுந்தானா?" என்றார்.

"வியாழன், வெள்ளி, திங்கள்."

"வெள்ளிக்கெழம நீங்க பல்வலின்னு சொன்னீங்க. கிராம்பு வெய்யுங்கக்கான்னு வண்டியில இருந்தே சொன்னேன். புள்ளைங்க சிரிச்சுதுங்க, ரேடியோகிட்ட பேசுறாரு பாருன்னு." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அதுங்க சொன்னது சரிதான்."

ஸாரி முருகேசன் என்றேன். நிஜமாக, குரலை எதுவும் செய்யாமல். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தே வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

கடிதம் வருவதற்கு முன்னால் நானே தலையிடம் போனேன். ஷோ முடித்து, பத்தரை. எல்லாம் என் யோசனை, பவ்யாவை நான்தான் மிரட்டி வைத்தேன் என்றேன். நம்பினாரா தெரியாது. கத்துவார் என்று பார்த்தேன். பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி, "பதினெட்டு வருஷம் தாரா, எப்படி இப்படி?" என்றார். அது கத்தலைவிட மோசம். அழுதுவிட்டேன். வீங்கின கண்ணில் அழுதால் எரிகிறது.

நாளையிலிருந்து காலை ரியா. பவ்யாவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். கடவுளே, அதுவே போதும்.

"கேக்கறவங்களுக்கு ஒரு குட்பை சொல்லணும் சார். நாளைக்கு ஒரே ஒரு நிமிஷம். லைவ்ல."

"லைவ்ல உங்களை விட முடியாது. ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க. கேட்டுட்டு போடறோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு அதில் ஒன்றும் உறைக்கவே இல்லை.

மாட்டேன் என்று கிளம்பியிருக்கலாம். சின்ன ஸ்டுடியோ வரை நடந்து போய், திரும்பி, மறுபடி போய். கடைசியில் சாயங்காலம் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பவ்யா, என்னைப் பார்க்காமல். விளக்கு எரிந்தது.

முதல் வாக்கியமாக இதைச் சொன்னேன்: நமஸ்கார பெங்களூரு, இது ரெக்கார்டிங், நான் இதைப் பேசும்போது வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணி, உங்க ரோடு இப்போ எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது, நீங்களே பாத்துப் போங்க. அப்புறம்தான் நன்றி, வணக்கம் எல்லாம். ஒரு நிமிடம் பத்து விநாடி. ஒரே டேக்.

பவ்யா கட்டைவிரலைத் தூக்கினாள். பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

நாலரைக்கு முழிப்பு. போக இடமில்லை. குளிர். பாலுக்குப் போய்விட்டு வந்தேன், மாவு அரைத்தேன், ஷெரின் துணியெல்லாம் மடித்தேன். இவர் ரேடியோவை அணைத்து வைத்திருந்தார், எனக்காக. நானே போட்டேன்.

ஏழு மணிக்கு ரியா. நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஏழு பத்துக்கு, "இதோ நம்ம தாரா உங்ககிட்ட பேசறாங்க" என்றாள், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"நமஸ்கார பெங்களூரு" என்றது என் குரல். அடுத்த மூச்சில் நன்றிக்குப் போய்விட்டது. நடுவில் இருந்ததைக் காணோம். ரெக்கார்டிங் இல்லை, நாலரை மணி இல்லை, ரோடு இல்லை. வெட்டியது பவ்யாவாகத்தான் இருக்கும், தலை பக்கத்தில் நின்று வெட்டச் சொல்லியிருப்பார். வெட்டின இடமே தெரியவில்லை. நல்ல வேலைக்காரி.

நான் ரேடியோவில் விடைபெற்றுக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. எடுத்தேன். வேனை ஓரமாக நிறுத்தியிருப்பார் போல, பிள்ளைகள் சத்தம், அதற்கு மேல் அங்கேயும் என் குரல்.

"சொல்லுங்க முருகேசன்."

அங்கே ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்.

"லைவ்ல இருக்கீங்க, எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சுதான் அக்கா அடிச்சேன்."